அண்ணன் தனியாகப் போன பெங்களூர் ரோடு

1

சுவீடனுக்கு வந்து இருபது வருடம் ஆனதற்காக, போன ஆகஸ்டில் எங்கள் தொழிற்சாலையில் எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள். கனரக லாரிகளுக்கு கியர்பாக்ஸ் பூட்டும் பிரிவில் எனக்கு வேலை. இங்கே யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். ஆளுக்கு ஒரு காபி, ஒரு துண்டு கேக், அவ்வளவுதான். எங்கள் மேலாளர் அன்னிகா மட்டும், "இருபது குளிர்காலம் தாங்கிவிட்டாய், இனி உனக்கு எதுவும் ஆகாது" என்றாள். நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஆவடியிலிருந்து அண்ணன்.

அண்ணன் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. பயந்துவிட்டேன். இருபது வருடமும் அந்த எண் நேரங்கெட்ட நேரத்தில் வந்தால் எனக்கு இப்படித்தான். அப்பா போனதும் இப்படி ஒரு அழைப்பில்தான் தெரிந்தது. கேக் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"டேய் தயாளா, ஒண்ணு சொல்றேன். உங்க அண்ணிகிட்ட மூச்சு வுடக்கூடாது."

"இன்னாண்ணா ஆச்சு?"

"ஒண்ணியும் ஆகல. வண்டி எடுத்துகினு தனியா ஒரு ரவுண்டு போப்போறேன். ஜோக் அருவி."

ஜோக் அருவி கர்நாடகத்தில், ஷிமோகாவுக்கும் அப்பால் இருக்கிறது. அண்ணன் ஏழுமலைக்கு வயது அறுபது. அதற்கு முந்தைய வருடம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வண்டி என்று அவர் சொன்னது, ஆவடி கோவில்பதாகை வீட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வந்த அதே பழைய பைக். அதில் வேலூரைத் தாண்டி அவர் ஒருநாளும் போனதில்லை. கம்பெனி, வீடு, ஓவர்டைம், மகள் கல்யாணம் என்று ஆயுள் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள்ளேயே ஓடிவிட்டது. ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்த மாதங்களில், தனியாகப் பைக்கில் ஊர் சுற்றி வீடியோ போடும் பையன்களை நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். ஆசை அங்கே பிடித்தது.

"அண்ணிகிட்ட இன்னா சொல்லியிருக்க?"

"ஓசூர்ல பழைய ஃப்ரெண்டு ஊட்டு கிரகப்பிரவேசம்னு. வண்டிய குமணன்சாவடி மெக்கானிக்கிட்ட சர்வீஸ் வுட்டிருக்கேன். பஸ் ஏறுறேன்னு கெளம்பி, அங்க போய் வண்டிய எடுத்துக்குவேன்."

"என்கிட்ட ஏன் சொல்ற?"

"எவனாச்சும் ஒருத்தனுக்குத் தெரியணும்ல, நைனா."

வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாலைந்து விதமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மெர்சலாகாத, தெனம் மெசேஜ் போடறேன்" என்று வைத்துவிட்டார். உள்ளே திரும்பிப் போனபோது என் முகத்தைப் பார்த்து அன்னிகா என்ன விஷயம் என்றாள். கவலையாக இருக்கிறது என்று சுவீடிஷ் மொழியில் சொல்ல நினைத்தேன். கவலைக்கு 'ஊரூலி'. முதல் எழுத்தை விழுங்கினால் 'ரூலி'. அதற்கு வேடிக்கையானவன் என்று அர்த்தம். பதற்றத்தில் நான் முதல் எழுத்தை விழுங்கிவிட்டேன். "ஆமாம், நீ ரொம்ப வேடிக்கையானவன்தான்" என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

2

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தச் சமயத்தில் என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. இத்தனை வருடம் தள்ளிப்போட்டுவிட்டு, இந்த நாட்டுக் குடியுரிமைக்கு அப்போதுதான் விண்ணப்பித்திருந்தேன். அசல் பாஸ்போர்ட்டை அனுப்பு என்று குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, அனுப்பினேன். அவசரத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கேட்க வேண்டும். பதில் எப்போது வரும் என்று தொலைபேசியில் கேட்டால், வரிசையில் காத்திருங்கள் என்று ஒரு பெண்குரல் அன்பாகச் சொல்லும். சொல்லிக்கொண்டே இருக்கும்.

அண்ணனுக்கு வழியில் ஏதாவது ஆனால் நான் விமான நிலையம் வரைதான் போகமுடியும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "நீ வந்து இன்னா புடுங்கப் போற?" என்றுதான் கேட்பார்.

3

முதல் குரல் செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் டிராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காதில் வைத்ததும் லாரிச் சத்தம், அதன் மேல் அண்ணன் குரல், அந்தப் பையன்களைப் போலவே.

"வணக்கம் மக்களே! இப்ப நாம குமணன்சாவடில கீறோம். மெட்ரோ தூணு கீழ நிக்கிறேன். நாஸ்டா முடிச்சாச்சி. இன்னிக்கி நம்ம வண்டி வேலூர் வரைக்கும் போவுது."

மக்கள் என்று அவர் சொன்னது என்னை ஒருவனைத்தான். டிராமில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே, ஹெல்மெட் போட்டிருக்கிறாரா என்று கேட்டு எழுதினேன். பதிலாக ஹெல்மெட்டோடு ஒரு படம் வந்தது.

அவர் போன விதம் எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது சொல்லலாம். அவசரமே இல்லை. காஞ்சிபுரம் திரும்பும் இடத்தில் ஒரு தாமரைக் குளத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். வேலூர்க் கோட்டை அகழியில் படகு ஓட்டுகிறவரிடம் ஆழம் எவ்வளவு என்று கேட்டு, அவர் சொன்ன பதிலை நம்பாமல் இரண்டாவது ஆளிடமும் கேட்டிருக்கிறார். ஆம்பூரிலிருந்து வீடியோவாகவே அனுப்பினார். பிரியாணிக் கடை வாசலில் நின்று, "டாக்டர் வேணாங்கிறாரு மக்களே, அதனால நாம வாசனை மட்டும் புடிக்கிறோம்" என்று சொல்லி உண்மையாகவே மூச்சை இழுத்துக் காட்டினார். கிருஷ்ணகிரி அணை வீடியோவில் மதகு திறந்திருந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. கைகளை மட்டும் ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் தண்ணீர் பாய்ச்சிய கூலிக்காரர். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் எங்கள் வீட்டில் யாரும் லேசில் நகர மாட்டோம்.

இவற்றை நான் என் மகன் நிலவனுக்கும் போட்டுக் காட்டினேன். பதினேழு வயது. பாதி கேட்டுவிட்டு, "அப்பா, பெரியப்பா பேசுவது தமிழா?" என்றான். அவன் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் படித்தவன். 'இருக்கிறது' தெரியும், 'கீது' தெரியாது. இங்கே வந்த புதிதில் மற்ற தமிழர்கள் சிரித்ததால் நானும் 'கீது', 'கீறேன்' எல்லாவற்றையும் கைவிட்டிருந்தேன். இப்போது அண்ணனோடு பேசும்போது மட்டும் அவை தானாக வாயில் வருகின்றன. என் மகன் அந்த நேரத்தில் என்னை ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

ஒவ்வொரு செய்திக்கும் இடையில்தான் என் பாடு. ஒரு மணி நேரம் வரவில்லையென்றால் வரைபடத்தைத் திறந்து அந்தச் சாலையைப் பார்ப்பேன். அவர் இருக்கும் இடம் அதில் தெரியாது. பேட்டரி தீர்ந்துவிடும் என்று அந்த வசதியை அவர் போட மறுத்துவிட்டார். வெறும் நீலக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு முறை நட்டு முறுக்கும் அளவைத் தவறாக வைத்ததால், அன்னிகா என்னை வேறு மேசைக்கு மாற்றினாள்.

என் மனைவி சுதா ஒரு வார்த்தைதான் சொன்னாள். "அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

"சத்தியம் வாங்காத குறையா கேட்டிருக்காரு."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அண்ணி உங்கள மன்னிப்பாங்களா?"

சுதாவுக்கு ஒன்று புரியாது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு வீட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை. அங்கே அவன் தனியாகக் கிடந்து பயப்படுவானே என்று நல்ல எண்ணத்தில்தான் மறைப்பார்கள். அம்மா வழுக்கி விழுந்தது எலும்பு கூடிய பிறகுதான் எனக்குத் தெரியும். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்ததைக்கூட, வைத்து முடித்து அவரே போனில் பேசும்போதுதான் சொன்னார். அதற்கு நான் அழுதேன். அதிலிருந்துதான் அவர் என்னிடம் எல்லாவற்றையும் முதலில் சொல்ல ஆரம்பித்தார். அந்த வாசலை நானே சாத்த வேண்டுமா?

4

நான்காம் நாள் பகல் உணவு இடைவேளையில் அலமாரியைத் திறந்து போனை எடுத்தேன். ஒரே ஒரு செய்தி இருந்தது. சிரா என்ற ஊரைத் தாண்டிப் பேசியிருக்கிறார். பின்னால் காற்று இரைந்தது.

"மக்களே, இங்க மலை மேல பூரா கரண்டு எடுக்கிற காத்தாடி சுத்துது, வரிசையா, பாக்கவே ஷோக்கா கீது. கொஞ்சம் மூச்சு வாங்குது. வெயிலு. ஒரு டீ அடிச்சா சரியாப் பூடும்."

செய்தி வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூப்பிட்டேன். கன்னடத்தில் ஏதோ சொன்ன ஒரு குரல், பிறகு ஆங்கிலத்தில் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி. 'மூச்சு வாங்குது' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்த 'மக்களே' என்ற சொல், பாதியில் ஒரு சின்ன இழுப்போடு வந்திருந்தது. முதல் முறை கேட்டபோது அது எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு அறையில் எல்லோரும் வார இறுதிக்குக் காளான் பறிக்கப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கட்டுக்குப் போய் அண்ணியைக் கூப்பிட்டேன்.

அண்ணி மல்லிகா நெமிலிச்சேரியில் பிறந்தவர். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

"அண்ணி, அண்ணன் ஓசூர்ல இல்ல."

"கேக்கல தம்பி, இரு, குக்கர நிறுத்திட்டு வரேன்." வந்தார். "இன்னா சொன்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். அருவி, வண்டி, குமணன்சாவடி, மூச்சு. திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது, "மாத்திரைய எடுத்துகினு போனாரா?" என்றுதான்.

"தெரியல அண்ணி."

கட்டில் பக்கம் நடக்கும் சத்தம், இழுப்பறை திறக்கும் சத்தம். பிறகு அண்ணியின் குரல் மாறிவிட்டது. "டப்பா இங்கியே கீது தயாளா. கிரகப்பிரவேசம், ரெண்டு நாள்ல வந்துடுவேன்னு ரெண்டு நாளுக்குத்தான் எடுத்துகினு பூட்டாரு. அப்பறம், இன்னும் ரெண்டு நாள் ஆவும்னு போன்ல சொன்னாரு." அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நாலு நாளா உனுக்குத் தெரியும். அங்க குந்திகினு போட்டோ பாத்துகினு இருந்தியா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வை. நான் அவருக்குப் போடணும்."

அண்ணி அன்று எத்தனை முறை அந்த எண்ணைக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. அணைந்துபோன போனுக்கு விடாமல் அடித்தார். நான் அன்னிகாவிடம் போய் வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். இந்த முறை முதல் எழுத்தை விழுங்காமல், நிதானமாக, கவலையாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் என் கையிலிருந்த கருவியை வாங்கி வைத்தாள்.

வீட்டில் நிலவன் கணினியில் அந்தச் சாலையோரத்து ஆஸ்பத்திரிகளை எல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தான். நானும் சுதாவும் மாறி மாறிக் கூப்பிட்டோம். எங்களுக்குக் கன்னடம் வராது, அவர்களுக்கு எங்கள் ஆங்கிலம் பிடிபடவில்லை. ஒரு இடத்தில், ஏழுமலை என்ற பெயரைக் கேட்டதும் அந்தப் பெண், திருப்பதியா, தவறான எண் என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது.

"உயிரோட கீறாரு" என்றார் அண்ணி.

டீக்கடை பெஞ்சில் அண்ணன் சாய்ந்திருக்கிறார். அங்கே நிறுத்தியிருந்த ஆந்திரா லாரி டிரைவர் ஒருவர் பார்த்து, ஆம்புலன்ஸ் வரவழைத்து, சித்ரதுர்கா ஆஸ்பத்திரிக்குக் கூடவே போயிருக்கிறார். அண்ணன் போனில் சார்ஜ் இல்லை. அங்கே யாரோ சார்ஜ் போட்டதும் திரை முழுக்க அண்ணி அழைத்ததைச் சொல்லும் குறுஞ்செய்திகள். டிரைவர் திருப்பிக் கூப்பிட்டுத் தெலுங்கில் பேச, பக்கத்து வீட்டில் பழகிய தெலுங்கை வைத்து அண்ணி ஸ்டென்ட் வைத்ததையும் எந்த மாத்திரை என்பதையும் சொல்லியிருக்கிறார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக டாக்டருக்குப் படித்துக் காட்டினாராம்.

"நான் கெளம்புறேன். பூந்தமல்லில பெங்களூர் பஸ் நிக்கும்ல?"

"தனியாவா அண்ணி? கோயம்புத்தூர்லேர்ந்து உங்க பொண்ண வரச்சொல்லி—"

"அது மாசமா கீது, அதுகிட்ட யாரும் சொல்லக்கூடாது. நீயும்தான்." பையின் ஜிப்பை இழுக்கும் சத்தத்தோடு, "உங்க அண்ணன் தனியா போவலியா, நான் போவ மாட்டனா?" என்றார்.

தனியாகத் திருப்பதியைத் தாண்டாத அண்ணி அன்று இரண்டு பஸ் மாறி, மொழி தெரியாத ஊரில் இறங்கி, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் என் நாட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தவன். ஆனால் அந்த ராத்திரி என்னால் ஒரு நாற்காலியில் உட்காரத்தான் முடிந்தது.

5

பெரிய அட்டாக் இல்லை, ஆனால் அட்டாக்தான் என்றார்கள். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, டாக்டர் முடிக்கவில்லையாம். மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது. வண்டி ஒரு பார்சல் லாரியில் ஆவடிக்கு வந்தது.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த அன்று அண்ணி டாக்சிக்காரரிடம் சித்ரதுர்கா கோட்டை வாசலுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். மேலே ஏறக்கூடாது. கீழே, முதல் வாசல் நிழலில், ஒரு கல்லில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் படத்தை எனக்கு அண்ணிதான் அனுப்பினார். அதில் அவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். ஊரில் ஒருநாளும் அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை. அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. கூப்பிட்டால் அண்ணி எடுப்பார். "தூங்கறாரு தம்பி." இன்னொரு நாள், "வாக்கிங் பூட்டாரு." குரல் செய்தி அனுப்பினால் கேட்டதற்கான நீலக்குறி வரும், பதில் வராது. இங்கே இலை உதிர்ந்து, ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது.

அந்த நாட்களில் ஒரு மாலை நிலவன் நேரம் கழித்து வீட்டுக்கு வந்தான். எங்கே போனாய் என்றதற்கு நண்பன் வீடு என்றான். அது பொய் என்று அவன் ஷூவில் ஒட்டியிருந்த மணலே சொன்னது. நான் கத்தவில்லை. ஏன் என்னிடம் சொல்வதில்லை என்றுதான் கேட்டேன். அவன் சுவீடிஷில் சொன்னான். "சொன்னால் நீ ஊரூலி ஆகிவிடுவாய். பிறகு உன் கவலையையும் சேர்த்து நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்." சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். கடற்கரைக்குத்தான் போயிருந்தான், ஒரு பெண்ணோடு, என்று பிறகு சுதா சொன்னாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

6

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனை எடுத்தார்.

"உன்ன நம்பி சொன்னேன்டா" என்றார் எடுத்ததும்.

"சொல்லாம வுட்டிருந்தா நீ இன்னிக்கி இல்லண்ணா."

"தெரியும்." இருமினார். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. உங்க அண்ணி வரலன்னா அந்த ஊர்ல நாறிப் போயிருப்பேன். அது வேற. ஆனா இனிமே உன்கிட்ட சொல்ல மாட்டேன் தயாளா. நீ அங்க குந்திகினு பயந்துகினு கெடப்ப. உனுக்கும் கஷ்டம், எனுக்கும் கஷ்டம்."

"சொல்லாம வுட்டா இன்னும் பயமா இருக்கும்ணா."

"பழகிக்க."

அதன்பின் வாரா வாரம் பேசுகிறோம். எப்படி இருக்கிறீர்கள் என்றால், "சூப்பரா கீறேன்" என்கிறார். என்ன சாப்பிட்டீர்கள் என்றால் இட்லி என்கிறார். பக்கத்துத் தெருவில் தண்ணீர் நின்றது, மகளுக்கு வளைகாப்பு நல்லபடி முடிந்தது, எல்லாம் சொல்கிறார். ஊரில் எல்லோரும் எனக்குச் சொல்வதைத்தான் இப்போது அவரும் சொல்கிறார். மருத்துவமனைக்கு மறுபடி போனாரா, டாக்டர் என்ன சொன்னார் என்பதை நான் அண்ணியிடம் கேட்கிறேன். அண்ணி, "நீ ஒண்ணியும் கவலப்படாத தம்பி" என்கிறார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் என் கவலை ஒரு படி ஏறும்.

நேற்றும் கூப்பிட்டேன். டாக்டர் சொன்ன மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. வெகுநேரம் அடித்த பிறகே எடுத்தார்.

"எங்கண்ணா இருக்க?"

"ஊட்லதான்டா, வேற எங்க?"

கோவில்பதாகையில் எங்கள் தெரு அகலம் எனக்குத் தெரியும். ஒரு ஆட்டோ வந்தாலே எதிரில் வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அண்ணன் குரலுக்குப் பின்னால் பெரிய லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. காற்று போனில் இரைந்தது. யாரோ ஒருவர், ரெண்டு டீ, ஒண்ணு சக்கர இல்லாம, என்று சத்தம் போட்டார்.

சுதா பக்கத்தில் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கையால் கேட்டாள். எங்கே இருக்கிறாய், உண்மையைச் சொல், அண்ணியைக் கூப்பிடட்டுமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"மெதுவா போண்ணா" என்றேன்.

அந்தப் பக்கம் இன்னொரு லாரி கடந்து போனது.

"சரிடா" என்றார் அண்ணன்.